மூன்று புள்ளி நான்கு

ஐந்துக்கு மூன்று புள்ளி நான்கு.
வல்திவியாவின் ஜூலை மழைக்கே
இதைவிடக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள்.

முப்பத்தியொரு சீட்டுகள்.
நனைந்த கோட்டுப் பைகளிலிருந்து வந்தவை.
விறகடுப்பின் மேல் கம்பியில்
காலுறைகளோடு சேர்த்துக் காயப்போட்டு
ஒவ்வொன்றாக உருவி வாசிக்கிறேன்.

'மன அமைதிக்கென்று கடலலைச் சத்தம் போட்டீர்கள்.
என் அண்ணன் சால்மன் பண்ணையில் முக்குளிப்பவன்.
பத்து நிமிடமும்
அவன் மேலே வரக் காத்திருந்தேன்.'

'எட்டு மணி நேரம் தூங்கச் சொன்னீர்கள்.
பையாகோவிலிருந்து என் பேருந்து ஐந்து நாற்பதுக்கு.
நீங்களே கணக்குப் போடுங்கள்.'
பெயர் எழுதவில்லை.
பேருந்து போட்டுக்கொடுத்துவிட்டது: ராயேன்,
கடைசி வரிசை, சன்னலோரம்.

'ரொட்டி நன்றாக இருந்தது.'

'ரொட்டி போதவில்லை.'

பச்சை மை, சாய்ந்த எழுத்து:
'பாதத்தை ஊன்றுங்கள், பூமி உங்களைத் தாங்குகிறது
என்றீர்கள், யஸ்னா.
எந்த ஊரில் நின்று சொல்கிறோம் என்று
ஒரு நொடி யோசித்திருக்கலாம்.'

சிரித்துவிட்டேன், தனியாக, வாய்விட்டு.
கையேட்டில் இருந்ததை
அப்படியே ஒப்பித்திருக்கிறேன்.
நான் பிறந்ததிலிருந்து
எங்கள் கட்டில்களுக்கு அடியில்
ஒரு ஜோடி செருப்பும் டார்ச் விளக்கும்
வாசலைப் பார்த்தபடி இருக்கின்றன.

சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டேன்.
அலைகளை அடித்தேன்.
அந்த இடத்தில் 'மழை' என்று எழுதி
அதையும் அடித்தேன்.
கூரையிலேயே கொட்டுகிறது, இலவசமாக.
பூமியில்தான் ஒரு மணி நேரம் சிக்கிக்கொண்டேன்.
'நாற்காலி உங்களைத் தாங்குகிறது' என்று போடலாம்,
ஆனால் இருநூற்று நான்காம் அறையின் நாற்காலிகளை
எனக்குத் தெரியும்.
கடைசியில் மிஞ்சியது ஒரே சொல்:
'உட்காருங்கள்.'

முதல் வகுப்பைப் பத்து மணிக்குத் தள்ளக் கேட்டு
துறைக்கு எழுதினேன்.
மாணவர் கருத்துகளைப் பெரிதும் மதிப்பதாக
அன்றே பதில் வந்தது.
பத்து மணி பற்றி ஒன்றும் இல்லை.
அதனால் என் அமர்வின் முதல் இருபது நிமிடங்களை
உழாத நிலமாக விட்டேன்.
விளக்கை அணைத்தேன்.
யாரும் எதையும் கற்பனை செய்ய வேண்டாம்,
தலையை மேசையில் சாய்க்கலாம் என்றேன்.
யாரோ குறட்டை விட்டார்கள்.
ஆற்றங்கரையில் கடற்சிங்கங்கள்
அதற்குப் பதில் சொல்லின.

இருபத்தேழாம் நிமிடத்தில் அது வந்தது.
சின்னதுதான்.
தட்டில் கோப்பைகள் பல் கிட்டின,
குழல்விளக்கு தன் சங்கிலியில் ஆடியது.
எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன,
யாரும் எழவில்லை.
விளக்கையே பார்த்திருந்தோம்,
பெரிதாகுமா, போய்விடுமா என்று
உடம்பு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.
நின்றது.
இருபத்தெட்டுப் பேரும் நானும்
ஒன்றாக மூச்சை விட்டோம்.

கையேட்டின் பன்னிரண்டாம் பக்கத்தில்
அதற்கு நான்கு படிநிலைகள் உண்டு.
மூன்று ஆண்டுகளாகச் சொல்லித் தருகிறேன்.
ஒரு தடவையும்
இப்படி வந்ததில்லை.

இந்த முறை மதிப்பெண்:
மூன்று புள்ளி மூன்று.

'அலைச் சத்தம் எங்கே? அதற்காகத்தான் வந்தேன்.'

'இருபது நிமிடம் போதாது.' (கடைசி வரிசை, சன்னலோரம்.)

பச்சை மை: 'நிலநடுக்கம் அருமை.
இனி எல்லா அமர்வுகளிலும் சேர்க்கவும்.'

ஒரு சீட்டு வெறுமை.
இல்லை, வெறுமை இல்லை.
விளக்கில் பிடித்தால்
அழுத்தி எழுதி அழுத்தி அழித்த
நான்கு வரிகளின் பள்ளம்.
ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து
என் விரல் நிழலாகத் தெரிகிறது.

அடுத்த முறை பென்சிலை எடுத்துவிட்டுப்
பேனா வைக்கலாமா என்று தோன்றியது.
வேண்டாம்.
அழிப்பதற்கும் ஒருவருக்கு
இடம் வேண்டியிருக்கும்.

ஆகஸ்டு அமர்வுக்கான பட்டியலில்
இதுவரை எழுதியிருப்பது:
பென்சில்கள், அதே ரப்பர்கள்.
பின்கதவு சாவி, ஒன்பது மணிவரை
நான் அங்கேயே இருப்பேன் என்று பலகையில் ஒரு வரி.
ரொட்டி, இரண்டு பங்கு.