புள்ளிக்குப் பின்னால் ஒரு கட்டம்

மாரண்டஅள்ளி தாண்டி, காட்டோரத்துப் போர்வெல்.
ஆழம் எண்ணூறு அடி என்கிறார் மாதப்பன்.
ரிக் வண்டிக்காரன் பில்லில்
எண்ணூற்று இருபத்து நான்கு.
மோட்டார் பத்து நிமிஷம் ஓடியபின்
பாட்டிலை மூன்று தரம் அலசி நிரப்பினேன்.

தருமபுரி ஆய்வகத்தில் ஃபுளோரைடு மீட்டர்
1.52 என்றது.
கழுவித் துடைத்து மறுபடி: 1.56.
இன்னொரு தரம்: 1.55.
கடைசி இலக்கம் கொஞ்சம் ஆடத்தான் செய்யும்,
டவுன்பஸ் படியில் தொற்றி நிற்பவனைப் போல.
அதற்காக இறக்கிவிட முடியாது,
அவனும் டிக்கெட் எடுத்தவன்.

கூட்டி மூன்றால் வகுத்தால்
கால்குலேட்டர் ஒன்று புள்ளி ஐந்து நான்கு என்று தொடங்கி
திரை முட்ட மூன்றுகளைக் கொட்டுகிறது.
அந்த மூன்றுகள் தண்ணீரில் இல்லை.
வெட்டினேன்.
1.54.

பூஜ்யத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.
மில்லிகிராமை கிராமாக்கினால் 0.00154.
முன்னால் நிற்கும் மூன்றும்
பாலக்கோடு பஸ்ஸில் ஜன்னல் வழியே போட்ட துண்டு.
இடம் பிடிக்கும்; தலை எண்ணும்போது சேராது.
1.50-இன் கடைசிப் பூஜ்யமோ ஆளேதான்.
'இங்கேயும் பார்த்தேன், ஒன்றுமில்லை'
என்று கையெழுத்துப் போட்ட ஆள்.

படிவத்தில் புள்ளிக்குப் பின்னால்
ஒரே ஒரு கட்டம்.
நான்கு, ஐந்தைவிடச் சிறியது. விடு.
1.5.
பக்கத்தில் அச்சிலேயே இருக்கிறது,
அனுமதிக்கப்பட்ட அளவு: 1.5.
விதிப்படிதான் செய்தேன்.
'குடிக்க உகந்தது' முத்திரையின் மை
விரலைவிட்டுப் போக இரண்டு நாளானது.

"சார், அந்த அளவு 1.5-ஆ, 1.50-ஆ?"
"ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்றார் செல்வகணபதி சார்.
அவர் கணக்கில் எம்.எஸ்சி.

கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்,
பென்சிலால் ஒரு 4 போட்டு அனுப்பினேன்.
கம்ப்யூட்டர் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் போனபோது
மாதப்பன் தொட்டிச் சுவரில் எழுதிக்கொண்டிருந்தார்,
சுத்தம் செய்த தேதி, குளோரின் போட்ட தேதி.
நீலப் பெயிண்ட் டப்பாவை ஏந்தியிருந்த மகள் தேன்மதி
என்னைப் பார்த்துச் சிரித்தாள்,
உதடு பிரியாமல்.

"தண்ணி பாஸாம்மா?"
"பாஸ்தான்" என்றேன். பிறகு,
"கீழே இடமிருக்கே, இதையும் எழுதுங்க.
ஒன்று. புள்ளி. ஐந்து. நான்கு."
"என்னன்னு கேப்பாங்களே?"
"கேக்கட்டும்."

எழுதினார், முழ உயரத்தில்.
பெயிண்டில் தண்ணீர் அதிகம்.
நான்கின் கால் மட்டும்
கீழ்வரை வழிந்தது.