ஐந்தாவது பொருள்

நவம்பர் பதினொன்று. இன்று மதியம்
பன்னிரண்டு இருபதுக்குச் சூரியன்
மலைக்குப் பின்னால் போனது. இனி
ஜனவரி முப்பதில்தான் சுல்வீனுக்கு வரும்,
முதலில் தீயணைப்புக் கொட்டகையின் கூரைக்கு.
அக்கரையில் ரேதாலுக்குக் குளிர்காலம் முழுக்க வெயில்.
அவர்கள் துணி காய்வதை நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்.
இடையில் ஓடுவது அவா.
எங்கள் மொழியில் அவா என்றால் தண்ணீர்;
ஆற்றுக்கென்று தனியாக ஒரு பெயர் தேட
யாருக்கும் பொழுதிருந்ததில்லை.

கூட்டம் எட்டு மணிக்கு, மூடிய பள்ளியின் விளையாட்டறையில்.
கூடைப்பந்துக் கோடுகளின்மேல் நாற்காலிகள்.
வாக்குள்ளவர் நூற்றுப் பன்னிரண்டு, வந்தவர் அறுபத்தேழு.
பின்வரிசையில் வாக்கில்லாத விருந்தினர் இருவர்.
நாய் ஒன்று. நாயைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

எழுதுவது நான், மெங்யா ஸ்போர், ஊராட்சி எழுத்தர்.
முதல் பொருள், வரவுசெலவு: ஏற்கப்பட்டது.
இரண்டு, கல்லறைத் தோட்டத்துக் குழாய் சொட்டுவது:
முக்கால் மணி நேரம்.
மூன்றும் நான்கும் ஒத்திவைப்பு.
ஐந்து: ரேதாலுடன் ஒரே ஊராட்சியாக இணைவது.

துமெங் எழுந்தான். வழக்கம்போல் வெள்ளத்திலிருந்து தொடங்கினான்.
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டில்
அவா ஒரே இரவில் நாற்பது தப்படி புரண்டு படுத்தது.
காகிதத்தில் எல்லைக்கோடு அசையவில்லை.
அவன் பாட்டனுக்குப் பாட்டன் கட்டிய தொழுவம்
பாதி இங்கே, பாதி அங்கே.
மாடுகள் சுல்வீனில் தின்று ரேதாலில் சாணி போட்டன.
வரி யாருக்கு?
பதினொரு வருஷம் கடிதப் போர்.
தலை கட்டியிருக்கும் ஊருக்கே வரி என்று தீர்ப்பு வந்தது.
மறுநாள் காலை அவர் மாடுகளைத் திருப்பிக் கட்டினார்.
சிரித்தார்கள். வருஷா வருஷம் சிரிக்கிறார்கள்.
“இணைந்துவிட்டால் எந்தப் பக்கம் திருப்பிக் கட்டுவது?”
என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான்.

தலைவி பார்லா கதோமென்:
“பிள்ளைகள் எட்டு. தீயணைப்பு வண்டி ஒன்று,
ஓட்டத் தெரிந்தவர் இருவர்,
அதில் ஒருவருக்கு வெள்ளிக்கிழமை முழங்கால் அறுவை.”
பொய்யில்லை. குறித்துக்கொண்டேன்.
தபால் பேருந்து ஓட்டும் லுட்சி ஒரே வாக்கியம் பேசினான்:
“ரெண்டு ஊருக்கும் நான் ஒரே டிக்கெட்தான் கொடுக்கிறேன்.”
வெயிலிலும் பாதி தருவார்களா என்றது ஒரு குரல்.
பெயர் தெரியாததால் பதியவில்லை.

என் மேசையில் பழைய ஏடு ஒன்றுண்டு,
இருநூறு வருஷம் கைகள் உயர்ந்து இறங்கிய ஏடு.
பெண் பெயரைத் தேடினால் தண்டப் பட்டியலில்தான் கிடைக்கும்:
ஆட்டைக் காட்டுக்குள் விட்ட உர்சினா, இரண்டு பிராங்க்.
பிறகு, என் அம்மாவின் காலத்தில், திடீரென ஒரு வரி:
சாக்கடை மூடி குறித்துத் திருமதி கதோமென் ஆட்சேபம்.
பார்லாவின் தாய்.
மூடி இன்றும் கடகடக்கிறது.

கை தூக்க வேண்டாம், சீட்டு என்றார்கள்.
கடையடைத்த விடுதியின் சூப்புப் பாத்திரம் வந்தது.
எண்ணினோம். இன்னொரு முறை எண்ணினோம்.
ஆம், முப்பத்து மூன்று.
இல்லை, முப்பத்து மூன்று.
வெற்றுச் சீட்டு ஒன்று.

அது என்னுடையது.
ஆம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன்.
நாளுக்கு நாற்பது முறை சுல்வீன் என்று எழுதிப் பழகிய கை
அதையே எழுதப் போனது.
எழுதினால் சீட்டு செல்லாது.
மடித்துப் போட்டுவிட்டேன்.

சமமானால் தோல்வி, விதி பதினான்கு.
பார்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்,
அது சுத்தமாகத்தான் இருந்தது.
நிராகரிக்கப்பட்டது என்றாள். எழுதினேன்.
யாரும் கைதட்டவில்லை, துமெங்கூட.

ஆறு: பனிவாரும் வண்டிக்குப் புது டயர்,
செலவில் பாதி ரேதாலுடையது. ஏகமனதாக.

இதர: பின்வரிசையில் கண்டெடுத்த கையுறை ஒன்று, இடது கை,
மணிக்கட்டில் ரேதால் தீயணைப்புப் படையின் முத்திரை.
உரியவர் ஊராட்சி அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்,
செவ்வாயும் வியாழனும்,
ஒன்பது முதல் பதினொன்று வரை.