மூன்று நிமிடம்

ஒப்பந்தம் காரிலேயே முடிந்துவிட்டது:
காலை மர்டோவுக்கு, மதியம் எனக்கு.
மழை வந்தால் இருவருக்கும் பொது.

ஸ்காட்லாந்தின் வடகோடியில்
கடலை ஒட்டிக் கிடக்கும் இந்த கோல்ஃப் மைதானத்தில்
ஆடுகள் மேய்கின்றன, முறையான அனுமதியோடு.
குழியைச் சுற்றிய பச்சைக்கு மட்டும்
ஒற்றைக் கம்பி வேலி,
அதில் சன்னமாக மின்சாரம்.
காலை நன்றாக உயர்த்தித் தாண்ட வேண்டும்.
முதல் நாள் மர்டோ உயர்த்தியது போதவில்லை.
அவன் கத்திய வார்த்தையைக் கேட்டு
ஒரு கிடா தலைதூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி புல்லுக்குப் போனது.

இங்கே ஆடாதவை இரண்டு:
ஆடுகளும் நானும்.
நான் எண்ணுகிறேன்.
அட்டை கோட்டுப் பையில், பென்சில் காதிடுக்கில்.

நான்காம் குழியில் ஏழு அடி அடித்தான்.
"ஆறு" என்றான், கடலைப் பார்த்தபடி.
ஆறு என்று எழுதினேன்.
ஆர்ப்ரோத் மீன் கிடங்கில்
இருபத்தெட்டு வருடம் கணக்கு எழுதியவள்,
ஒரு பென்னி உதைத்ததற்காக
ராத்திரி பதினொன்று வரை உட்கார்ந்தவள்.
விடுமுறையில் அந்தக் கண்ணையும்
கழற்றி வைத்தால் என்ன.

பந்து தொலைந்தால் தேட மூன்று நிமிடம்.
எங்கள் கல்யாணத்தின்போது ஐந்தாக இருந்தது.
யாரோ கூடி உட்கார்ந்து
குறைத்திருக்கிறார்கள்.
மஞ்சள் பூத்த முட்புதரை
அவன் மட்டையால் கிளையாக விலக்கித் தேடுவான்.
நான் கடிகாரத்தோடு நிற்பேன்.
நேரம் முடிந்ததைச் சொல்வது என் பொறுப்பு.
சொல்வேன்,
சில நாள் நாலரைக்கு.

மதியம் கோட்டை.
முதியோர் சலுகைக்கான அட்டையை
மர்டோ பர்ஸிலிருந்து உருவுவதற்குள்
சீட்டுக் கொடுக்கும் பெண்
சலுகைச் சீட்டையே கிழித்து நீட்டிவிட்டாள்.
அதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்.
மான் தலைகள். வாள்கள்.
யாரோ ஒரு பிரபுவின் குளியல் தொட்டி.
இரண்டாம் மாடியில் அவனுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது.

"அந்தத் திருப்பம் தாண்டினால்
ஜன்னலடியில் ஒரு கல் பெஞ்சு இருக்கும்,
உட்காரலாம்" என்றேன்.

திரும்பினோம்.
இருந்தது.

இந்த ஊருக்கு நாங்கள் வருவது
இதுதான் முதல் தடவை.
நாங்கள் என்றால், நாங்கள்.

அவன் உட்கார்ந்தான். என்னைப் பார்த்தான்.
புதருக்குள் பார்ப்பது போலத்தான்,
அவசரமில்லாமல், கிளை கிளையாக.
கீழே தோட்டத்தில்
பருந்து பழக்குகிறவன் ஒருவன்
வெறும் கையுறையை நீட்டிக்கொண்டு நின்றான்.
பறவை கூரையை விட்டு
இறங்குவதாக இல்லை.

கடிகாரத்தை நான் பார்க்கவில்லை.
ஆனாலும் எண்ணிப் பழகிய உடம்பு.
மூன்று இருக்கும்.

"டீ குடிக்கலாமா?" என்றான்.

ஸ்கோனுக்கு முதலில் ஜாமா கிரீமா என்று
வழக்கம்போல் சண்டை போட்டோம்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாக.

விளக்கணைத்த பிறகு
"பெஞ்சு நல்லா இருந்தது, ஈஷ்பல்" என்றான்.
எந்த வருடம் என்றுகூடக் கேட்கவில்லை.
விடுதிக்கார கிர்ஸ்டியின் நாய்
மாடிப்படியில் பெருமூச்சு விட்டது.

மறுநாள் கடல் எழுந்து வந்து
மைதானத்தில் மூடுபனியாகப் படுத்திருந்தது.
ஆடுகள் இருமலாக மட்டும் இருந்தன.
நான்காம் குழியில் அவன் பந்து வெள்ளைக்குள் போனது.
"இது தற்காலிகப் பந்து"
என்று உரக்கச் சொல்லிவிட்டு இன்னொன்றை அடித்தான்.
யாரும் இல்லாவிட்டாலும் சொல்லியாக வேண்டும்.
சொல்லாமல் அடித்தால்
முதல் பந்தைக் கைகழுவியதாகக் கணக்கு.

தேடினோம். கிடைக்கவில்லை.
எல்லாம் சேர்த்து எட்டு.
"எட்டு" என்றான்,
என்னைப் பார்த்து.

எட்டு என்று எழுதினேன்.
எழுதிவிட்டு வாயைத் திறந்தேன்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்று தொடங்குவதாக இருந்தேன்.

"கம்பி" என்றான்.
மட்டையைத் தலைகீழாகத் திருப்பி
ரப்பர் பிடியால் அதை அழுத்திப் பிடித்தான்,
நான் தாண்டுவதற்காக.

தாண்டினேன்.
அவன் இன்னும் அழுத்திப் பிடித்திருந்தான்.