ஐம்பது மில்லிசெகண்ட்

நீக்கிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரி.
பதினோரு வருடமாக யாரும் தொட்டதில்லை,
ஒரு முனகல்கூட வந்ததில்லை.
கெர்னலில் நேரம் எண்ணும் முறையே மாறிவிட்டது,
இந்த டிரைவர் மட்டும்
போனவர்களின் பெயரைச் சொல்லி
கதவைத் தட்டிக்கொண்டே நிற்கிறது.

பிர்னோ நகரில் ஜனவரி.
டிராம் கம்பியில் உறைந்த பனி
நீலமாகப் பொரிந்து தெறிக்கிறது.
'பயன்படுத்துவோர் எவருமில்லை' என்று குறிப்பெழுதி
நீக்கல் பேட்ச்சை அனுப்பிவிட்டுப்
பட்டாணி சூப்பைச் சூடாக்கப் போனேன்.

சூப் கொதிப்பதற்குள் பதில்:
'நான் இருக்கிறேன்.'

எலிசேயோ பாரியென்டோஸ்.
சிலியின் தெற்குக் கடைசி, புந்தா அரேனாஸ்,
கம்பளிப் பொதி எடைபோடும் கொட்டகை.
தராசுக்கும் கணினிக்கும் நடுவே அந்தக் கார்டு.
படம் அனுப்பியிருந்தார்:
ஒரு மூலையில் ஆட்டுக்கொழுப்பு படிந்து கறுத்திருந்தது.
செய்த கம்பெனி போய்ச் சேர்ந்துவிட்டது.
புதுத் தராசு வாங்கினால்
எடைபோட ஆடு மிஞ்சாது என்றார்.

என்னிடம் அந்தக் கார்டு இல்லை.
கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி கோர்ப்பது மாதிரி
இங்கே நான் எழுதுவேன்.
அங்கே அவர், ரோமம் கத்தரித்து முடிந்ததும்
கை கழுவிவிட்டு வந்து பூட் செய்வார்.
எனக்கு நடுநிசி தாண்டி இரண்டு மணி.
அவருக்கு இரவு பத்து,
சன்னலில் இன்னும் வெயிலின் மிச்சம்.

முதல் பேட்ச்: இயந்திரம் எழவேயில்லை.
இரண்டாவது: எழுந்தது,
எல்லாப் பொதியும் பூஜ்யம் கிலோ.
மூன்றாவதில் ஒரு பொதி
மைனஸ் நாற்பது.
'நாம்தான் ஆட்டுக்கு பாக்கி போலிருக்கிறது'
என்று எழுதியிருந்தார்.

சிரித்துவிட்டுப் பழைய பிரதியைத் திறந்தேன்.
எண்ணூற்று ஆறாம் வரி:
ஐம்பது மில்லிசெகண்ட் காத்திரு.
அதன் தலைமேல்
பெயர் தெரியாத ஒருவரின் குறிப்பு:
'ஏனென்று தெரியவில்லை. எடுத்துவிடாதீர்கள்.'

எடுத்தது நான்தான்.
முதல் நாளே.
அழகுக்காக.

திருப்பி வைத்தேன்.
நூற்று எண்பத்திரண்டு கிலோ, என்றது தராசு.
மறுபடி ஏற்றினார். நூற்று எண்பத்திரண்டு.

'பொதியை வைத்ததும் தட்டு ஆடும்,
ஆட்டம் அடங்க வேண்டாமா?'
என்று எனக்கு விளக்கினார் எலிசேயோ.
அத்தனை பெரிய தட்டு
ஐம்பது மில்லிசெகண்டில் அடங்காது.
அது எனக்குத் தெரியும்.
மறுக்கவில்லை.

பராமரிப்போர் பட்டியலில்
அந்தக் கார்டுக்கு எதிரே
என் பெயரைச் சேர்த்தேன்.
நிலை: முடிந்தபோது பார்க்கப்படும்.

புது வெளியீடு மார்ச்சில் வந்தது.
பதினான்காயிரம் மாற்றங்களின் பட்டியலில்
எங்களுடையது எங்கோ.
நானே தேடித்தான் கண்டுபிடித்தேன்.

எண்ணூற்று ஆறாம் வரி
இப்போது எண்ணூற்று ஏழு.
பழைய குறிப்புக்கு அடியில்
ஒரு வரி கூடியிருக்கிறது:
'எனக்கும் தெரியவில்லை.'