பதினோரு வாரமாகப் பந்து காற்றில்

இசோமுரா வதாருவுக்கு
ஆறு வருடமாகப் பதினேழு வயது.
அவன் ஷூவுக்கு லேஸ் கட்டுவது என் வேலை.
வியர்வைத் துளிகள் யுமியுடையவை.
முகம் மட்டும் உராபே சாருடையது,
அதை அவர் யாருக்கும் தருவதில்லை.

நெரிமாவில் சலவைக் கடைக்கு மேல் மாடி.
நான்கு மேசை, ஒரு ஹீட்டர்,
மை காயும்வரை யாரும் தும்மக் கூடாது.
கீழே உலர்த்தும் இயந்திரம் டம் டம் என்று அடிக்கும்,
யாரோ ஒருவன் பந்தை விடாமல் தட்டுவதுபோல.

நான் தரைப்பலகை வரைகிறவள்.
பலகைக்கு ஒரு கோடு, கோட்டுக்குள் மரத்தின் ரேகை,
ரேகைமேல் வழுக்கி ஓடும் விளக்கொளி.
நிஜமான கூடைப்பந்தைத் தொட்டதில்லை இன்றுவரை.
பள்ளியில் பந்து வந்தால்
தலையை மறைத்து ஒதுங்கிய கூட்டம்.

ஆனால் இவனைத் தெரியும்.
ஐந்தரை மணிக்குப் பனி தள்ளிய பாதையில்
சாவியை வாயில் கவ்விக்கொண்டு வருவான்.
தினமும் ஐந்நூறு ஷாட்.
தவறியவற்றைக் கணக்கில் சேர்க்கமாட்டான்,
ஆகவே அறுநூறு, சில நாள் எழுநூறு.
எப்போதும் இடப்பக்கமாகவே ஓடுவான்.
எங்கள் பக்கங்கள் வலமிருந்து இடம் போகிறவை;
அவனுடைய நாளை எல்லாம் இடக்கைப் பக்கம்.

மிசுஹோ உட்கார்ந்திருப்பது வலப்பக்கம்.
ஸ்கோர் மேசை, கூராக்கிய இரண்டு பென்சில்.
இருநூற்றுச் சொச்சம் அத்தியாயமாக
அவன் போட்ட கூடையை எல்லாம் எழுதுகிறாள்.
எழுதுகிறவளை அவன் பார்த்ததில்லை.
அந்தப் பக்கம் பார்த்தாலும்
எண்களைத்தான்.

அப்புறம் உராபே சாரின் மணிக்கட்டு வீங்கியது.
மாவட்ட இறுதி. ஒரு புள்ளி பின்னால்,
இரண்டு வினாடி மீதி.
பந்து அவன் விரலை விட்டுப் பிரிந்த கட்டத்தோடு
இதழ் முடிந்தது.
‘ஆசிரியரின் உடல்நலம் காரணமாக’ என்று ஒரு வரி.
அடுத்த வாரமும் அதே வரி.

பிளம் பூத்து உதிர்ந்து செர்ரி பூத்தது.
ரயிலில் ஒரு பையன் கசங்கிய இதழைத் திறந்து
அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்
இக்கெபுகுரோ வரை.
குஷிரோவிலிருந்து ஒரு கடிதம்:
“இன்னும் அந்தரத்திலேயே இருக்கிறானா?
முழங்கால் வலிக்காதா?”
பதில் எழுத எனக்கு அனுமதி இல்லை.

ஒப்புக்கொள்கிறேன்.
அந்தக் கட்டத்தின் பின்னணியில்
நகத்தளவு இடம் காலியாகக் கிடந்தது.
பார்வையாளர் தலைகளால் நிரப்பச் சொன்னார்.
நான் மிசுஹோவை வைத்தேன்.
அரங்கமே பந்தைப் பார்க்க
அவள் மட்டும் அவன் இடது ஷூவைப் பார்க்கிறாள்.
லேஸ் அவிழ்ந்திருக்கிறது.
அதையும் நான்தான் அவிழ்த்தேன்.
வலியில் சார் சரிபார்க்கவில்லை.

பன்னிரண்டாம் வாரம் வந்தார்.
மணிக்கட்டில் பட்டையோடு, அச்சான பக்கத்தைப்
பூதக்கண்ணாடியால் மேய்ந்தார்.
“லேஸ்” என்றார்.
என் வயிற்றில் கல்.
“லேஸ் அவிழ்ந்தவன் சரியாகக் குதித்திருக்க முடியாது.
பந்து உள்ளே போகாது.”

ஆறு வருட விடியல்.
என் பேனா முனையால்
ஒரு அணி தோற்றது.

இந்த வாரம்
பந்து வளையத்தில் உருண்டு, யோசித்து,
வெளியே விழுகிறது.
விசிலுக்கு ஒலியெழுத்து வேண்டாம் என்றார்,
வெள்ளையாக விட்டோம்.
எழுத எதுவும் இல்லாமல்
மிசுஹோவின் பென்சில் நிற்கிறது.
அவன் லேஸைக் கட்டக் குனிகிறான்.
கட்டும்போது தலை திரும்புகிறது
வலப்பக்கம்,
வாசகர்கள் படித்துவிட்டுக் கடந்துபோன பக்கம்.

முகம் வர வேண்டிய இடத்தில்
வெறும் வட்டம் போட்டு
தாளை என் மேசைக்குத் தள்ளினார் சார்.
கை வலிக்கிறதாம்.
உண்மையா என்று நான் கேட்கவில்லை.
கீழே டம் டம்.
மை தொட்டேன்.
முதலில் புருவம்.