கழுவாத கை

பிப்ரவரி. டிம்மின்ஸ் நகரம். மைனஸ் முப்பத்தாறு.
அழைப்பு வந்து
நான் காரைக் கிளப்புவதற்குள்
அவசரப் பிரிவில் ப்ரோன்வின்
அந்தப் பெண்ணின் முகத்தைத் துடைத்துவிட்டிருந்தாள்.
வெந்நீரில், மெதுவாக,
நல்ல செவிலி எவளும் செய்வதைப்போல.

ஐயோ என்றேன். வாய்க்குள்தான்.

பதினேழு வருடம் நானும் அதைத்தான் செய்தேன்.
ரத்தம் கண்டால் துடை. நடுங்கினால் போர்த்து.
சட்டையை எது குறுக்குவழியோ அப்படி வெட்டு.
அந்தக் கை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது;
இந்த அறைக்குள் வரும்போது மட்டும்
இரட்டைக் கையுறை மாட்டி அடக்கிவைக்கிறேன்.

இங்கே கத்தரி
கிழிசலைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகும்.
ஈரத் துணிக்குக் காகிதப் பை;
பிளாஸ்டிக்கில் போட்டால் பூஞ்சைதான் சாட்சி சொல்லும்.
காயத்தின் பக்கத்தில் சின்ன அளவுகோல் வைத்துப் படம்.
சிராய்ப்பு, இடது முழங்கை, 2.4 சென்டிமீட்டர்.
பாவம் என்ற சொல்லுக்குப் படிவத்தில் இடமில்லை.
அவள் சொன்னதை அவள் சொன்னபடியே,
கெட்ட வார்த்தை உட்பட, மேற்கோள் குறிக்குள்.
'சொல்லிக்கொள்கிறாள்' என்று எழுதக் கூடாது.
'உண்மை' என்றும் எழுதக் கூடாது.

கை கழுவட்டுமா என்றாள்.
கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.
இந்த வேலையில் ஆகக் கொடிய சொல் அதுதான்:
நகத்துக்கடியில் இருப்பவனை
இன்னும் நாற்பது நிமிடம் வைத்திருக்கச் சொல்வது.

மூன்றாவது பஞ்சுக்குச்சியில் போதும் என்றாள்.

பெட்டியில் ஒன்பது உறைகள் காலி.
வெளியே கான்ஸ்டபிள் லாஷப்பெல் பூட்ஸ் பனியைத் தட்டுகிறார்.
வார்டில் என்றால் கெஞ்சியிருப்பேன்,
இன்னும் ஒரே ஒரு ஊசி, கண்ணு, அவ்வளவுதான் என்று.
இரண்டு நெறிநூலிலும் ஒப்புதல்தான் முதல் பக்கம்.
ஒன்றில் அதைப் புரட்டிவிட்டுப் போயிருக்கிறேன்,
எத்தனை தடவை என்று கணக்கில்லை.

நிறுத்தினேன்.
மூன்று உறைகளை ஒட்டிக் கையெழுத்து, மணி 3.52.
நோயாளி நிறுத்தச் சொன்னார். நிறுத்தப்பட்டது.
முகம் முன்னரே துடைக்கப்பட்டது; துடைத்தவர் செவிலியர்.
பிழை என்று எழுதவில்லை.
அன்பு என்றும்.

குழாயைத் திறந்து சூடு பார்த்தேன்.
சோப்பை மட்டும் நீட்டினேன். அவளே கழுவிக்கொண்டாள்,
ஒவ்வொரு விரலாக, வெந்நீர் தீர்ந்து
தண்ணீர் சில்லிடும்வரை.

ப்ரோன்வின் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.
"நான் செய்தது தப்பா?"
ஒட்டிய உறைகளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்:
துண்டு ஒன்று கொண்டு வா.
சூடாக.