நொசோத்ரோஸ்

புதன்கிழமை, ஸ்பானிய வகுப்பு.
சுவரில் என் கையெழுத்திலேயே ஒரு விதி:
இங்கே குவரானி பேசக் கூடாது.

எலிஹியோ எழுந்து கட்டுரை வாசிக்கிறான்.
தெபிக்குவாரி ஆறு பெருகிய இரவு.
ஆறு சரியாக வருகிறது, பாலம் சரியாக வருகிறது,
இறந்தகால விகுதிகூட வழுவவில்லை.
பிறகு ஒரு சொல்லின் முன் நிற்கிறான்,
கலங்கல் நீரில் காலால் ஆழம் பார்ப்பவனைப் போல.
சட்டென்று தாவுகிறான்:
மூன்று நாள் ‘ஓரே’ பருத்தி ஆலை மாடியில் கிடந்தோம்.

வகுப்பு சிரிக்கிறது.
சிவப்புப் பேனாவைத் திறக்கிறேன்.
“நொசோத்ரோஸ் என்று சொல்லேன்.”
“அதில் நீங்களும் வந்துவிடுவீர்களே, ப்ரொஃபே.”

வந்துவிடுவேன்தான்.
அன்று நான் அசுன்சியோனில்,
அக்கா வீட்டு மின்விசிறிக்குக் கீழே,
தொலைக்காட்சியில் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்த ஒற்றை ஸ்பானியச் சொல்லுக்குள்
நானும் மாடியேறி நனைந்திருக்கலாம்.
யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பலகையில் எழுதினேன்:
ஓரே என்றால் நாங்கள். ஞாந்தே என்றால் நாம்.
நடுவில் நொசோத்ரோஸ், கதவில்லாத வீடு.
“இந்தக் கதவை ஸ்பானியத்தில் எப்படி வைப்பது?”
மீதி நேரம் இலக்கணம் அங்கேதான் நடந்தது.
“நொசோத்ரோஸ், உங்களைத் தவிர்த்து” என்றாள் தெலிசியா.
“நொசோத்ரோஸ், நனைந்தவர்கள்” என்றது பின்வரிசை.
எலிஹியோவுக்கு எதுவும் பிடிக்கவில்லை.
நீளம், என்றான்.

மணி அடித்தது.
வாசலில் திரும்பி, “ஜஹா, ப்ரொஃபே.”
போகலாம் வாருங்கள்.
அந்த வினைச்சொல்லில் நான் இருந்தேன்.
வாய்ப்பழக்கமாகவும் இருக்கலாம்.
விளக்கை அணைத்துவிட்டு
அவன் பின்னால் நடந்தேன்.